முந்திரிக்காட்டு வண்டிப்பாதை

ஆலங்கண்மாய்,
15.7.2025

அன்புள்ள பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

மேரி எழுதுவது. மாதாவின் தயவில் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அங்கே வெயில் ஐம்பதைத் தொடுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ என்று அதைக் கேட்டதிலிருந்து ஒரே நினைப்பு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் சத்தம் போடுகிறீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் வைத்துவிடுகிறீர்கள். இதை அப்படி வைக்க முடியாது. நம் தெரு மதுரைவீரன் வியாழக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லி அவரிடம் தருகிறேன். முழுவதும் படியுங்கள். கோபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு வந்த போட்டோவில் இருப்பது நான்தான். நீல சுடிதார், தலையில் யாரோ இரவல் கொடுத்த ஹெல்மெட், பக்கத்தில் அரைக்கால் சட்டை போட்ட நாலு ஆம்பளைகள். நான் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். எல்லாம் உண்மை. ஆனால் போட்டோ எடுத்தவர் அதன் இடது ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த ஓரத்தில் ராஜலட்சுமி அம்மா நின்றார்கள். ஐம்பத்திரண்டு வயது, திருச்சியில் காலேஜில் பாடம் நடத்துகிறவர்கள். அவர்கள் சொன்ன ஏதோ ஒன்றுக்குத்தான் நான் சிரித்தேன். வெட்டி அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. நம் ஊர் ஆட்களில் உங்கள் அண்ணனைத் தவிர அங்கே போனோடு நின்றவர் யாரும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மறுநாள் கோடை முகாமுக்கு அரிசி எடுத்து வைக்க நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டி இருந்தால் தார்ரோட்டில் போயிருப்பேன். அதை உங்கள் அண்ணன் ஒரு அவசரம் என்று வாங்கிப்போய் எட்டு மாதம் ஆகிறது. பிளெஸ்ஸி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் அவளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. அதில்தான் சத்துணவு வேலைக்குப் போய் வருகிறேன். தார்ரோட்டில் ஜல்லி லாரிகள் உரசிக்கொண்டு போவதால், முந்திரிக்காட்டு வழியாகச் சரளைப் பாதையில்தான் போவேன், வருவேன்.

தைலமரக் காட்டுக்குள் பாதை மூன்றாகப் பிரிகிற இடத்தில் ஆறு பேர் சைக்கிளோடு நின்றார்கள். தடித்த டயர், தண்ணீர் பாட்டில் எல்லாம் காலி. போனில் உள்ள வரைபடம் மூன்று பாதையையும் ஒன்றாகக் காட்டுகிறது, நாற்பது நிமிடமாக ஒரே இடத்தைச் சுற்றி வருகிறோம் என்றார்கள். ரகுநாத் என்கிறவர்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. பேங்கில் வேலை. அவருடைய உதடு வெடித்திருந்தது. நான் மேலக்குடிக்காட்டுக்குக் கூட்டிப்போய் மருதாயி அக்கா வீட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அரிமளம் வரை பதினொரு கிலோமீட்டர் முன்னால் ஓட்டி வழி காட்டினேன். என் சைக்கிளுக்குக் கியர் கிடையாது, முன்னால் கூடை வேறு. அவர்கள்தான் எனக்காக அங்கங்கே காத்து நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். மணல் வாரியில் அவர்கள் இறங்கித் தள்ளினார்கள், நான் இறங்கவில்லை.

அவர்கள் தேடி வருவது எதை என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தார் போடாத பாதையைத் தேடி வருகிறார்கள். முப்பது வருடமாக நம் ஊர் தார்ரோட்டுக்கு மனுக் கொடுத்துக்கொண்டு இருக்கிறது. இவர்கள் புதுக்கோட்டை வரை காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து, கண்மாய்க் கரையும் வயல்வெளியும் காடுமாகச் சரளையில் போக ஆசைப்படுகிறார்கள். அதற்குக் கிராவல் ரைடு என்று பெயராம்.

அரிமளத்தில் ராஜலட்சுமி அம்மா என்னிடம் ஒன்று கேட்டார்கள். அதை அப்படியே எழுதுகிறேன்.

“தார்ரோட்ட தொடாம ஒரு அறுபது கிலோமீட்டர் சுத்தி வர மாதிரி பாதை ஒங்களால போட்டுத் தர முடியுமாங்க?”

முடியும் என்று சொன்னேன். யோசிக்கவே இல்லை. கல்யாணமான பிறகு ஒரு கேள்விக்கு யாரையும் கேட்காமல் நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அதன் பிறகு ஏழு ஞாயிறு சுற்றினேன். பூசைக்குப் போகவில்லை என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சனிக்கிழமை சாயந்திரப் பூசைக்குப் போகிறேன், சாமியாரைக் கேட்டுக்கொள்ளலாம். எந்தக் கண்மாய்க் கரை மழைக்குப் பிறகும் இறுகிக் கிடக்கும், எங்கே கருவை முள் அதிகம், எந்தத் தோட்டத்து நாய் துரத்தும், எந்த வீட்டில் பெண்களைக் கழிப்பறைக்கு உள்ளே விடுவார்கள் என்று எல்லாவற்றையும் போனில் குறித்து வைத்தேன். நாலு தடவை பஞ்சர். நாலாவது தடவை நானே ஒட்டினேன். அறுபத்து நான்கு கிலோமீட்டர் வந்திருக்கிறது, தார் அதில் ஐந்துதான். இருபது வருடமாகக் குடியிருக்கிற ஊருக்குப் பின்னால் இத்தனை இடம் இருப்பது எனக்கே தெரியாது. பெருமாள் கோவில் இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் விட்டால் இரண்டு பக்கமும் நிலக்கடலைக் கொல்லை ஓடுகிறது. அந்த நேரத்தில் நான் யாருடைய போனுக்கும் காத்திருப்பதில்லை. உங்களை வருத்த இதை எழுதவில்லை. உண்மை அதுதான்.

செப்டம்பர் பதினான்காம் தேதி அந்தப் பாதையில் நாற்பது பேர் வருகிறார்கள். வழி காட்டப்போவது நான். இனிமேல் சைக்கிளைத் தொட்டால் நடப்பதே வேறு என்று சொன்னீர்கள். நான் தொடுவேன். என்ன நடக்கும் என்பதை எழுதி அனுப்புங்கள், படித்துக்கொள்கிறேன்.

பிளெஸ்ஸி கணக்கில் எண்பத்தேழு எடுத்திருக்கிறாள். மோர் நிறைய குடியுங்கள். மத்தியானத்தில் கூரை மேல் ஏறச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
மேரி


ஆலங்கண்மாய்,
20.8.2025

பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது. எண்ணெயை மாற்றியிருக்கிறேன்.

முதல் கடிதம் கிடைத்ததாக மதுரைவீரன் சொன்னார். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘அண்ணன் சொல்றதக் கேட்டு நட’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். சரி. அண்ணன் என்ன சொல்கிறார் என்பதை நீங்கள் என் வாயிலாகவும் கேட்க வேண்டும். அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

ஆகஸ்டு நான்காம் தேதி காலையில் வேலைக்குப் போகும்போது முந்திரிக்காட்டு முக்கில் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி கட்டியிருந்தார்கள். பாதைக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ‘தனியார் இடம், உள்ளே வராதே’ என்று போர்டு. உள்ளே நம் குடும்பத்து முந்திரி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் நட்டிருந்தார்கள். வெளியூர்க்காரர் யாரோ பிளாட் போடுகிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குக் கை காட்டித் திரும்பிப் போகச் சொன்னவர் உங்கள் அண்ணன்.

என் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் தார்ரோட்டில் போய்க்கொள்வேன். அந்தப் பாதைக்கு அந்தக் கடைசியில் மேலக்குடிக்காடு இருக்கிறது. ஒன்பது வீடு. போன வருடம் மருதாயி அக்கா மருமகளுக்கு வலி எடுத்தபோது நூற்றெட்டு வண்டி அந்தப் பாதையில்தான் வந்தது. வண்டிக்குள்ளேயே தலை தெரிந்துவிட்டது, ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை பிறந்தது. இப்போது வண்டி வந்தால் ஒன்பது கிலோமீட்டர் சுற்றி வரவேண்டும். என் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிற பதினோரு பிள்ளைகள் அங்கிருந்து வருகிறவர்கள். வேலி போட்ட வாரம் ஏழு தட்டு குறைந்தது. வரிசையில் யார் இல்லை என்று எனக்கு எண்ணாமலே தெரியும்.

உங்கள் அண்ணனிடம் பொறுமையாகத்தான் கேட்டேன். நடக்கிறவர்களுக்காவது ஒரு சந்து விடச் சொன்னேன். அவர் நம் வீட்டுக்கு வந்து, உங்கள் அம்மா முன்னால் நின்று பேசினார். ஊர் மேய்கிறவளுக்குப் பாதை எதற்கு என்றார். போகட்டும், அதை நான் துடைத்துப் போட்டுவிட்டேன். அடுத்துச் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும்.

“எந்தம்பி ஒரு வார்த்த சொன்னா நீ இந்த வீட்டுல இருக்க முடியாது, தெரிஞ்சுக்க.”

“சொல்லட்டும். எம் மொகத்தப் பாத்து அவரு சொல்லட்டும். நீங்க சொல்லி நான் போக மாட்டேன்.”

அவர் போன பிறகு உங்கள் அம்மா எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். இருபது வருடத்தில் எனக்கு அவர்கள் காபி போட்டது அன்றுதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் மருதாயி அக்காவும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். ஒன்பது வீட்டுக்காரர்களும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனு கையில் இருந்தது. அங்கே சர்வேயராக இருப்பது சின்ன வயதுப் பெண், அன்புச்செல்வி என்று பெயர். புல வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். நான் ஏழு ஞாயிறு சுற்றிக் குறித்த பாதை அதில் இரட்டைக் கோடாக, புள்ளி புள்ளியாக வளைந்து போகிறது. வெள்ளைக்காரன் காலத்து அளவு, பக்கத்தில் வண்டிப்பாதை என்று எழுதியிருக்கிறது. என் போனில் இருந்த கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு வளைவுகூடப் பிசகவில்லை. சந்தோசத்தில் மருதாயி அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் பைலில் இருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எங்கள் கூட்டுப் பட்டா நிலத்தில் எந்தக் காலத்திலும் பாதை கிடையாது, யாரும் நடந்ததும் கிடையாது, நிலத்தை விற்க எங்களுக்குத் தடை இல்லை என்று டைப் அடித்த கடிதம். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று உங்கள் அண்ணனுடையது. இன்னொன்று உங்களுடையது.

வேறு யாரும் போட்டது அல்ல, நீங்கள் போட்டதுதான். ‘ஜெ’யை முதலில் போட்டு அதன் காலை இழுத்து மற்ற எழுத்துக்கு அடியில் கோடு மாதிரி கொண்டுபோவீர்கள். கோவில் கல்யாண ரிஜிஸ்டரில் அதற்குப் பக்கத்தில்தான் என் கையெழுத்து இருக்கிறது. நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அந்தப் பாதையில் நடந்துதான் அஞ்சாவது வரை படித்தீர்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அதை எனக்குச் சொன்னீர்கள். பாதை இல்லை என்று உங்களால் எப்படி எழுத முடிந்தது? அண்ணன் வாட்சப்பில் அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்துப் படிக்காமல் போட்டீர்களா? இல்லை, படித்துவிட்டுத்தான் போட்டீர்களா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். போனில் சொல்லுங்கள், எழுதுங்கள், மதுரைவீரனிடமாவது சொல்லி அனுப்புங்கள். எப்படி இருந்தாலும் அந்த மனுவை நான் திரும்ப வாங்கப்போவது இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிளெஸ்ஸியிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மேரி


ஆலங்கண்மாய்,
24.9.2025

அன்புள்ள பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

மேரி எழுதுவது. எனக்கு வலது உள்ளங்கையில் ஆறு தையல். நேற்றுப் பிரித்தார்கள், அதனால்தான் எழுத்து கோணலாக வருகிறது. மற்றபடி சுகம். நீங்கள் போன் பண்ணி இருபத்தாறு நாள் ஆகிறது. மதுரைவீரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன், வேலைக்குப் போகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள் என்று. அந்த மட்டுக்கு நிம்மதி.

செப்டம்பர் பதினான்காம் தேதி நடந்ததை உங்களுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்த விதமாகச் சொல்கிறேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, அன்புச்செல்வி ஆட்களோடு வந்து சங்கிலி போட்டு அளந்தார். மண்ணுக்குள் புதைந்துகிடந்த எல்லைக்கல் இரண்டையும் தோண்டி எடுத்தார்கள். பாதை நம் பட்டாவுக்குள்ளேயே வரவில்லை. அதை ஒட்டிக்கொண்டு, தனிப் புறம்போக்காகப் போகிறது. அன்று சாயந்திரமே உத்தரவு வந்துவிட்டது. ஏழு நாளைக்குள் வேலியை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் தாலுகாவிலிருந்து வந்து எடுப்பார்கள். ஒரு நகல் எனக்கும் கொடுத்தார்கள். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். பெண்கள் மட்டும் ஒன்பது பேர். ராஜலட்சுமி அம்மா எனக்கு ஒரு கியர் சைக்கிள் கொண்டுவந்திருந்தார்கள். வேண்டாம் என்றேன். பிளெஸ்ஸி சைக்கிளிலேயே முன்னால் போனேன். முந்தின நாள் தூறல் விழுந்து சரளை நல்லா இறுகியிருந்தது. டயர் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. தைலமரக் காட்டில் இரண்டு மயில் குறுக்கே ஓடின, எல்லோரும் பிரேக்கைப் பிடித்துவிட்டார்கள். அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய அதிசயமோ. நமக்குக் கடலையைத் தின்கிற சனியன்.

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் முந்திரிக்காட்டு முக்கு. வேலி அப்படியே இருந்தது. பிளாட்காரர் ஆட்கள் ஐந்து பேர், உங்கள் அண்ணன், அந்த வெளியூர்க்காரரின் வெள்ளைக் கார். நாங்கள் வருவோம் என்று தெரிந்து நின்றார்கள்.

நான் இறங்கி உத்தரவைக் காட்டினேன். உங்கள் அண்ணன் அதைக் கையில் வாங்கவில்லை.

“ஏழு நாள் டைம் இருக்குல்ல. அது முடியிற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போக முடியாது.”

“ஏழு நாள் வேலிய எடுக்கத்தான் குடுத்துருக்காக. பாதைக்கு நாள் ஒண்ணும் இல்ல.”

ரகுநாத் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வம்பு வேண்டாம், தார்ரோட்டில் சுற்றிப் போய்விடலாம், எனக்குத்தான் பிற்பாடு ஊருக்குள் கஷ்டம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ராஜலட்சுமி அம்மா மட்டும், முடிவு என்னுடையது, நான் திரும்பச் சொன்னால் எல்லோரும் திரும்புவார்கள் என்றார்கள். நாற்பத்தொரு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரும்பிப் போனால் திங்கட்கிழமை அதே முக்கில் நான்தான் நிற்க வேண்டும், மருதாயி அக்காவும் அந்தப் பிள்ளைகளும்தான் நிற்க வேண்டும்.

யாரும் கம்பியை வெட்டக் கூடாது, கல்லைத் தொடக் கூடாது, ஒரு வார்த்தை கெட்டது பேசக் கூடாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு என் சைக்கிளைத் தூக்கினேன். அது எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியாது. இடுப்பு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இரண்டாவது தடவை தோளில் வைத்து எம்பினேன். கூடை கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கும்போதுதான் கை கிழிந்தது. வலி தெரியவில்லை. ரத்தம் மணிக்கட்டில் இறங்கும்போதுதான் பார்த்தேன்.

அப்போது அந்தப் பக்கம் இருந்து யாரோ முன்சக்கரத்தைப் பிடித்தார்கள். மருதாயி அக்கா. அவர்களுக்குப் பின்னால் ஒன்பது வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். நான் வரச் சொல்லவில்லை. அவர்களுக்கு நடுவில் நம் பிள்ளை நின்றாள். சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து வந்தவள், தூங்கட்டும் என்று எழுப்பாமல் வந்திருந்தேன். எனக்கு முன்னால் சுற்றுப் பாதையில் நடந்து போயிருக்கிறாள்.

ஒவ்வொரு சைக்கிளாக இந்தப் பக்கம் தூக்கிக் கொடுக்க, அந்தப் பக்கம் வாங்கி இறக்கினார்கள். என்னுடையதோடு நாற்பத்திரண்டு. பிறகு ஆட்கள், கம்பி மேல் சாக்கைப் போட்டு ஒவ்வொருவராக ஏறித் தாண்டினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிளாட்காரர் ஆட்களில் ஒருவர் ஒரு கட்டத்தில் சாக்கு நழுவாமல் பிடித்துக்கொண்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வெளியூர்க்காரர் காரை விட்டு இறங்கவே இல்லை, கொஞ்ச நேரத்தில் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் அண்ணன் மட்டும் நின்றார். பிளெஸ்ஸியைப் பார்த்து, உன் அப்பனிடம் சொல்கிறேன் என்றார்.

“சொல்லுங்க பெரியப்பா. நானும் அப்பாட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மருதாயி அக்கா சொன்னார்களோ, ஊரே சொன்னதோ. நான் மறைத்து வைத்தது வீண்.

கையில் துணியைக் கட்டிக்கொண்டு மீதி நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தேன். ஒரு கையால் பிரேக் பிடிப்பது கஷ்டம், கண்மாய்க் கரை இறக்கத்தில் ஒரு தடவை விழுந்தேன், எழுந்தேன். முடித்த பிறகுதான் தையல் போடப் போனேன். அடுத்த வெள்ளிக்கிழமை தாலுகாவிலிருந்து வந்து கல்லுக்கால்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பதினோரு தட்டும் வந்தது.

நமக்கு ஆனது என்ன என்றும் எழுத வேண்டும். உங்கள் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேத்தி ஞானஸ்நானத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. உங்கள் அம்மாவை மட்டும் கூப்பிட்டார்கள், மூட்டு வலி என்று சொல்லி அவர்களும் போகவில்லை. கோவிலில் என் பெஞ்சில் இரண்டு வாரமாக யாரும் உட்காரவில்லை. தாராளமாக உட்கார்ந்து செபம் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த ரைடு ஜனவரியில் என்று ராஜலட்சுமி அம்மா கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை மேலக்குடிக்காட்டுப் பெண்கள் இரண்டு பேர் என்னோடு வழி காட்டப் பழகுகிறார்கள். ஒருத்திக்கு இன்னும் சைக்கிளில் ஏறத் தெரியாது, தெருவில் விழுந்து விழுந்து கற்றுக்கொள்கிறாள்.

இனி, இதுவரை எழுதாத ஒன்று. யார் சொல்லியாவது உங்கள் காதுக்கு வந்துவிடும், என்னிடமிருந்து வரட்டும்.

அளந்து முடித்ததும் அன்றே என்னைத் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் பைலில் இருப்பதால் அதைப் பற்றி எழுத்து மூலமாக ஒரு வாக்குமூலம் வேண்டும் என்று தாசில்தார் கேட்டார். நீங்கள் ஊரில் இல்லை. அதனால் மனைவி என்று என்னைக் கேட்டார்கள். உங்கள் அண்ணன் அறைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தில் உள்ளது தவறு, பாதை உண்டு, என் கணவரே அதில் நடந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் கையெழுத்துக்கு எதிராக என் கையெழுத்து. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவது இல்லை. இன்னொரு தடவை கேட்டாலும் அதையே எழுதுவேன்.

எழுதி முடித்துக் கொடுத்தபோது அன்புச்செல்வி ஒன்று கேட்டார். பாதை இருப்பது தெரிந்தவரே பாதை இல்லை என்று ஏன் கையெழுத்துப் போட்டார், அதற்குக் காரணம் எதுவும் எழுத வேண்டுமா என்று. நான் பேனாவைத் திரும்ப வாங்கி ஒரு வரி சேர்த்தேன். ‘என் கணவர் தன் அண்ணன் மேல் உள்ள நம்பிக்கையில் அந்தத் தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.’

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி அரசாங்கத் தாளில் எழுதியிருக்கிறேன். அந்த ஆபீசில் நான் எழுதியதில் அந்த ஒரு வரிக்கு மட்டும்தான் வரைபடத்தில் ஆதாரம் கிடையாது.

டிசம்பரில் லீவு உண்டு என்று மதுரைவீரன் சொல்கிறார். வாருங்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள், எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன், பதிலும் சொல்வேன். பிள்ளை கேட்பதற்கு மட்டும் அவள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். நான் சேர்த்த அந்த வரியை மெய்யாக்க உங்களால்தான் முடியும்.

அடைக்கல மாதா உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உங்கள்,
மேரி